இடமும் மாற்றவில்லை, தண்ணீரும் மாற்றவில்லை, செடி மட்டும் ஏன் மொட்டையாகிறது?

கோவைக்காரி – ஜூலை 6

எல்லாருக்கும் வணக்கம். போன டிசம்பர் கடைசியில் கோவையிலிருந்து மொரீஷியஸ் வந்தோம். கத்ர் போர்னில் மூன்றாவது மாடி, வாடகை வீடு. ஹாலில் தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல். பின்னால் படுக்கையறையை ஒட்டி வடக்குப் பார்த்த சின்ன பால்கனி, துணி காயப்போட மட்டும்.

வந்த புதிதில் வீடு வெறிச்சென்று இருந்ததால் மூன்று செடி வாங்கினேன். ஒரு ஃபிடில் லீஃப் (அத்தி இனம், அகலமான இலை), ஒரு பீஸ் லில்லி, ஒரு கறிவேப்பிலைக் கன்று. தெற்கு ஜன்னலில்தான் வெளிச்சம் அதிகம் என்று நான் பார்த்த எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். மூன்றையும் அங்கேயே வரிசையாக வைத்தேன். சொன்னபடியே நன்றாக வந்தது. ஜனவரியில் ஃபிடில் லீஃப் நாலு இலை விட்டது, பீஸ் லில்லி பூத்தது.

மே மாதத்திலிருந்து எல்லாம் தலைகீழ். ஃபிடில் லீஃபில் அடி இலைகள் பழுத்துப் பழுத்து விழுகின்றன, இதுவரை ஒன்பது போய்விட்டது. கறிவேப்பிலை ஈர்க்கு ஈர்க்காகக் கொட்டி வெறும் குச்சியாக நிற்கிறது. பீஸ் லில்லி பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் காம்பெல்லாம் நீண்டு ஜன்னல் பக்கம் படுத்துவிட்டது. மண்ணைச் சுற்றிக் கொசு மாதிரி சின்னப் பூச்சி வேறு.

நான் எதையும் மாற்றவில்லை. அதே இடம், அதே தொட்டி, வாரம் இரண்டு தடவை இரண்டு டம்ளர் தண்ணீர். உரம் போடட்டுமா? வாங்கின கடையில் கேட்டேன், ஒரு பாட்டில் மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.


எபேன் எஞ்சினியர் – ஜூலை 6

உரம் வேண்டாம். அந்த பாட்டிலையும் மூடி வையுங்கள். ஒரே ஒரு கேள்வி: டிசம்பர், ஜனவரியில் அந்த ஜன்னலில் நேர் வெயில் வந்ததா? இப்போது வருகிறதா?


கோவைக்காரி – ஜூலை 6

யோசித்துப் பார்த்தால், வந்தது. காலையில் சாய்வாக வந்து டிவி இருக்கும் சுவரில் கோடு மாதிரி விழும். டிவியே தெரியவில்லை என்று மாமியார் திரையை இழுத்து விடுவார். சாயங்காலம் எதிர்ச் சுவரில் விழும். இப்போது எதுவும் இல்லை. மழைக்காலம், மேகம் என்று நினைத்துக்கொண்டேன்.


எபேன் எஞ்சினியர் – ஜூலை 6

மேகம் இல்லை. சூரியன் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டது.

நீங்கள் பார்த்த வீடியோக்கள் எல்லாம் பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்துதான் போகும், அதனால் தெற்கு ஜன்னல் ராஜா. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் (டிகிரி). இங்கே வடக்கு ஜன்னல்தான் ராஜா, அதுவும் ஆண்டு முழுக்க இல்லை.

மார்ச் 21 வாக்கிலிருந்து செப்டம்பர் 22 வாக்கு வரை இங்கே சூரியன் உதிப்பது, மறைவது, நடுப்பகல் எல்லாமே வானத்தின் வடபாதியில். அந்த ஆறு மாதமும் தெற்குச் சுவரில் ஒரு சொட்டு நேர் வெயில் விழாது. அதற்கு நேர்மாறாக நவம்பர் 20-ஐ ஒட்டியும் ஜனவரி 20-ஐ ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நாள் முழுக்கத் தெற்குப் பக்கம்தான். நீங்கள் வந்து இறங்கியது சரியாக அந்த நேரத்தில். ஆண்டிலேயே உங்கள் தெற்கு ஜன்னல் நன்றாக இருக்கும் இரண்டு மாதத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் இந்த ஜன்னலின் குணம் என்று நம்பிவிட்டீர்கள்.

பகல் நீளமும் குறைகிறது. டிசம்பரில் 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ஜூனில் கிட்டத்தட்ட 11.


ரோஸ்ஹில் ஆசிரியர் – ஜூலை 7

தம்பி சொன்னது சரி. இதற்குப் பாகையெல்லாம்கூட வேண்டாம் அம்மா. தை பிறந்தால் உத்தராயணம், சூரியன் வடக்கே நடக்கிறது. ஆடியில் தட்சிணாயனம். நம் பெரியவர்கள் சொன்னதுதான். அவர்கள் இந்தியாவில் இருந்து சொன்னதால் வடக்கே நடந்தால் வெயில் ஏறும் என்று அர்த்தம். நமக்கு இங்கே வடக்கே நடந்தால் குளிர். கணக்கு ஒன்றுதான், நாம் நிற்கிற இடம் வேறு.

தைப்பூசத்தன்று காவடி எடுத்து நடந்திருக்கிறீர்களா? மதியம் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. குனிந்து பார்த்தால் நிழல் காலடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரியில். சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கிற காலம் அதுதான் என்று ஐம்பது வருடமாகக் கால் சுட்ட பிறகு இந்தத் தம்பி எழுதித்தான் எனக்கே புரிகிறது.

எங்கள் வீட்டில் தொட்டிகள் வருடத்துக்கு இரண்டு தடவை குடி மாறும். பங்குனியில் வடக்குப் பக்கம், புரட்டாசி கழித்துத் தெற்குப் பக்கம். என் மனைவி செய்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை.


வாஸ்து நம்பி – ஜூலை 7

வடக்கும் கிழக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?


டர்பன்வாசி – ஜூலை 7

நண்பரே, எங்கள் ஊரில் அதைச் சொல்வது வீட்டுத் தரகர்கள். தென்னாப்பிரிக்காவில் வீடு விற்கும் விளம்பரத்தில் 'வடக்குப் பார்த்தது' என்று போட்டால் விலை ஏறும். காரணம் குளிர்காலத்தில் ஹாலுக்குள் வெயில் வரும். வேறு ஒன்றும் இல்லை.

டர்பன் கிட்டத்தட்ட 30 பாகை தெற்கு. இங்கே சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதே இல்லை, டிசம்பரில்கூட நடுப்பகலில் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான். ஜூனில் நடுப்பகல் சூரியன் 37 பாகை உயரத்தில் நிற்கும். ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து இரண்டு மீட்டர் என்றால் வெயில் அறைக்குள் 2.7 மீட்டர் வரை வரும். கோவைக்காரி வீட்டில் ஜூன் மாதச் சூரியன் 46 பாகையில் இருக்கும், அதனால் சுமார் 1.9 மீட்டர். பால்கனிக்கு மேலே கூரைப் பலகை நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் குறையும்.

சரி, என்னுடைய கருத்து: செடி வாங்கும்முன் ஒரு வருடம் ஜன்னலைப் பார்க்க வேண்டும். யாரும் செய்யமாட்டார்கள், நானும் செய்யவில்லை.


கோவைக்காரி – ஜூலை 7

தலை சுற்றுகிறது, ஆனால் புரிந்துவிட்டது! மூன்று மாதத்துக்கு மேலாக இருட்டில் வைத்துச் சாகடித்திருக்கிறேன். இன்று மூன்றையும் வடக்கு பால்கனிக்கு மாற்றிவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணா, ஐயா.


எபேன் எஞ்சினியர் – ஜூலை 7

மூன்றையும் ஒரேயடியாகவா? ஃபிடில் லீஃபை நேர் வெயிலில் வைக்காதீர்கள். பதில் போடுங்கள்.


கோவைக்காரி – ஜூலை 12

அண்ணா, உங்கள் பதிலை இன்றுதான் பார்த்தேன். வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், ஃபிடில் லீஃபின் மேல் இலைகளில் உள்ளங்கை அளவுக்கு வெளிறிப்போய், நடுவில் காய்ந்த அப்பளம் மாதிரி பழுப்பு. தொட்டால் நொறுங்குகிறது. பீஸ் லில்லியும் மஞ்சள் பாய்ந்து தொங்குகிறது. இருட்டில் வைத்தாலும் சாகும், வெளிச்சத்தில் வைத்தாலும் சாகும் என்றால் நான் என்னதான் செய்ய?

கறிவேப்பிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு அதில் இலையே இல்லை.


எபேன் எஞ்சினியர் – ஜூலை 12

உங்கள் மேல் தப்பில்லை, நான் முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நம் கண் பொய் சொல்லும், அதுதான் இதில் பெரிய தொல்லை. வெளிச்சம் குறைந்தால் கண்ணின் பாவை விரிந்து சமாளித்துக்கொள்ளும். ஹால் 'நல்ல வெளிச்சமாக' இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மரநிழலே பத்தாயிரம் வரும். இரவில் விளக்குப் போட்ட ஹால் இருநூறு லக்ஸ் இருந்தால் அதிகம். நூறு மடங்கு, ஐநூறு மடங்கு வித்தியாசம் எல்லாம் கண்ணுக்கு 'கொஞ்சம் மங்கல்' என்றுதான் படும். செடிக்கு அது சோறு. ஐநூறில் ஒரு பங்கு சோறு.

போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்று இறக்கிக்கொள்ளுங்கள். சல்லிசான போனில் எண் துல்லியமாக வராது, பரவாயில்லை. ஒரே போனால் வீடு முழுக்க அளந்தால் இடத்துக்கு இடம் வித்தியாசம் தெரியும், அது போதும். செடியின் மேல் இலை இருக்கும் உயரத்தில், திரை வெளிச்சத்தைப் பார்க்கும்படி போனைப் பிடியுங்கள். காலை, மதியம், மாலை மூன்று தடவை.

இன்னொன்று. குறைந்த வெளிச்சத்தில் வளர்ந்த இலை மெல்லிசாக, அகலமாக, அந்த வெளிச்சத்துக்கென்றே செய்த இலை. அதைத் திடீரென்று நேர் வெயிலில் நிறுத்தினால் வாங்குகிற வெளிச்சத்தை அதனால் செலவழிக்க முடியாது, பச்சையம் சிதைந்து வெந்துவிடும். வெந்த இடம் திரும்பப் பச்சையாகாது. ஆனாலும் இலையை வெட்டாதீர்கள், பாதிக்கு மேல் பச்சை இருந்தால் அது இன்னும் உழைக்கிறது.


கோவைக்காரி – ஜூலை 13

அளந்தேன். மதியம் 12:30, ஞாயிறு, வானம் தெளிவு.

தெற்கு ஜன்னல் விளிம்பில் 900. அங்கிருந்து இரண்டு மீட்டர் உள்ளே, சோபா பக்கம், 140. (நான் அங்கே மணி பிளான்ட் வைக்கலாம் என்றிருந்தேன்!) வடக்கு பால்கனியில் வெயில் படும் இடத்தில் 50,000-க்கு மேல். பால்கனிக் கதவுக்கு உள்ளே, வெயில் படாத மூலையில் 3,200.

900-லிருந்து 50,000-க்குத் தூக்கிப் போட்டிருக்கிறேன். மன்னித்துவிடு செடியே.


ரோஸ்ஹில் ஆசிரியர் – ஜூலை 13

போன் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு வெள்ளைத் தாளைச் செடி இருக்கும் இடத்தில் வைத்து, ஒரு முழங்கைக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் உள்ளங்கையைப் பிடியுங்கள். விரல் விரலாக ஓரம் வெட்டினது போல் நிழல் விழுந்தால் அது வெயில். கை என்று தெரிந்து ஓரம் மங்கினால் நடுத்தரம், வீட்டுச் செடிகள் பலவற்றுக்கு அது பிடிக்கும். ஏதோ ஒரு சாம்பல் திட்டு மட்டும் தெரிந்தால் அங்கே நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், செடி வேண்டாம்.

இங்கே பேசும் கிரியோல் மொழியில் நிழலுக்கு லோம்ப்ராஸ் என்போம். ஆந்தூரியம் பூச்செடி போடுபவர்கள் கறுப்பு வலை கட்டி வளர்ப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வெயிலில் நாலில் மூன்று பங்கை வலையே தின்றுவிடும். அந்த வலைக்குக் கீழே போய்ப் புத்தகம் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம் இருக்கும். வீட்டுக்குள் செடிக்கு நிழல் வேண்டும் என்று நாம் வைக்கிற மூலையில் புத்தகத்துக்கு விளக்குப் போட வேண்டும். ஒரே சொல், இரண்டு நிழல்.


யாங்கோன் தம்பி – ஜூலை 14

வணக்கம், பர்மாவிலிருந்து. இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டையும் அளந்தேன், சிரிப்புதான் வந்தது. யாங்கோன் நகரத்துக்குள் பழைய வீடுகள் எப்படி என்றால், ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கம் ஒரு பால்கனி, பின்சந்துப் பக்கம் ஒரு சமையலறை ஜன்னல். நடுவில் பகலிலேயே விளக்கு. முன் பால்கனியில் 6,000, சாமி அலமாரி இருக்கும் நடு அறையில் 20. இருபதாயிரம் இல்லை, வெறும் இருபது.

அம்மா அந்த நடு அறையில் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைப்பார். மாதம் ஒரு தடவை செத்த கொடியை எடுத்துவிட்டுப் பால்கனியிலிருந்து புதுக் கொடி வெட்டி வைப்பார். பத்து வருடமாகச் செடி நன்றாக வளர்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். நாங்கள் வடக்கே 17 பாகை. எங்களுக்குத் தெற்கு ஜன்னல்தான் சரி, இல்லையா?


எபேன் எஞ்சினியர் – ஜூலை 14

மொத்தத்தில் ஆமாம், ஆனால் முழுக்க இல்லை. யாங்கோனில் மே இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் உங்களுக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்கள் உங்களுக்கு அடைமழை, அதனால் யாரும் கவனிப்பதில்லை. மேகம் மூடினால் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் பரவி வரும், ஜன்னல் எந்தப் பக்கம் என்பது அப்போது பெரிய விஷயமில்லை. வானம் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் விஷயம். செடி இருக்கும் இடத்தில் தலையை வைத்துப் பாருங்கள். எதிர்வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தால் அந்தச் செடிக்கும் அந்தச் சுவர் மட்டும்தான்.

ஏன், கோவையிலேயே ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான். அங்கே வீடியோ போடுபவர்களும் 'தெற்கு ஜன்னல்' என்று சொல்வது வேறு நாட்டு வீடியோவைப் பார்த்துத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.


கோவைக்காரி – ஜூலை 14

எங்கள் அம்மா வீட்டில் மே மாதம் வடக்கு வாசல் திண்ணையில் உட்கார முடியாது. முப்பது வருடம் அந்த வீட்டில் இருந்தேன்!

சரி, இப்போது என்ன செய்யட்டும், வரிசையாகச் சொல்லுங்கள். தண்ணீர் பற்றியும்.


எபேன் எஞ்சினியர் – ஜூலை 15

தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், இலை கொட்டியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். வெளிச்சம் இருந்தால்தான் இலை வேலை செய்யும், வேலை செய்தால்தான் தண்ணீர் இழுக்கும். ஜனவரியில் வாரம் நாலு டம்ளரைக் குடித்த செடி ஜூனில் ஒரு டம்ளர்கூடக் குடித்திருக்காது. மீதி மூன்றும் தொட்டியிலேயே நின்று வேர் மூச்சுத் திணறி அழுகியிருக்கும். அந்தச் சின்னப் பூச்சி ஈர மண்ணில் முட்டையிடுவது, அதுவே சாட்சி. இனி கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள், ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் பழகிவிடும், குடத்தில் தண்ணீர் எவ்வளவு என்று தூக்கினாலே தெரிகிற மாதிரி.

ஃபிடில் லீஃப்: அந்த 3,200 மூலை. அங்கே இரண்டு வாரம் இருக்கட்டும். அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம் படுகிற மாதிரி நகர்த்துங்கள், ஒரு வாரம் கழித்து இரண்டு மணி நேரம். தினமும் இடம் மாற்றாதீர்கள், ஃபைகஸ் (அத்தி) இனம் எல்லாமே இடம் மாறினால் கோபித்துக்கொண்டு இலையைப் போடும்.

பீஸ் லில்லி: அதே மூலையில், இன்னும் உள்ளே தள்ளி. அது குறைந்த வெளிச்சச் செடி என்று கடையில் எழுதி வைத்திருப்பார்கள். குறைந்த வெளிச்சத்தில் சாகாது என்றுதான் அதற்கு அர்த்தம், பூக்கும் என்று அர்த்தமில்லை.

கறிவேப்பிலை: அதைப் போய் ஹாலில் வைத்தீர்களே! அது வெயில் மரம்.


ரோஸ்ஹில் ஆசிரியர் – ஜூலை 15

கறிவேப்பிலை பற்றி நான் சொல்கிறேன். எங்கள் கிரியோலில் அதன் பெயரே கரிபுலே. நம் முன்னோர் கப்பலில் கொண்டு வந்த சொல், இன்று தமிழ் தெரியாதவர்களும் சந்தையில் அந்தப் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள். அந்த மரம் எங்கள் வீட்டில் கொல்லைப்புறச் சுவரோரம், மதியம் முழுக்க வெயிலில் நிற்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை, அதுவும் யாரையும் கவனிப்பதில்லை.

உங்கள் கன்றைப் பால்கனியில் அதிகம் வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். இலை இல்லாததால் வேகாது, புதுத் துளிர் அந்த வெயிலிலேயே பழகி வரும். நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. குளிரில் அது தூங்கும். செப்டம்பர் வரை அவசரப்படாதீர்கள்.

நீங்கள் கியூர்பிப்பில் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அங்கே மேகமும் தூறலும்தான் வாழ்க்கை. என் தங்கை வீடு அங்கே. அவள் ஒரு கரிபுலே வைத்து எட்டு வருடம் ஆகிறது, இன்னும் என் இடுப்புக்கு வரவில்லை. போர்ட் லூயியில் அதே வயது மரம் கூரையைத் தொடும்.


டர்பன்வாசி – ஜூலை 15

தெற்கு ஜன்னலைச் சும்மா விட வேண்டாம். 900 லக்ஸில் இருக்கக்கூடியவை உண்டு: பாம்புக் கற்றாழை, ஸீ ஸீ செடி. ஸீ ஸீ எங்கள் குவாசுலு-நட்டால் பக்கத்துக் காட்டிலேயே இருப்பது, அங்கிருந்து கென்யா வரை உண்டு. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கில் தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும், மாதம் ஒரு தடவை ஊற்றினால் போதும். ஆனால் வளருமா என்று கேட்காதீர்கள். இருக்கும். அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று, ஜன்னலைத் துடையுங்கள். மொரீஷியஸில் பழைய வீடு என்றால் பட்டை பட்டையாகக் கண்ணாடி வைத்த ஜன்னல் இருக்குமே.


கோவைக்காரி – ஜூலை 15

நாக்கோ! ஆமாம், அதேதான். அதுவும் சொரசொரப்புக் கண்ணாடி. துடைத்ததே இல்லை.


கோவைக்காரி – ஜூலை 16

துடைத்தேன். பதினான்கு பட்டை. வாளித் தண்ணீர் டீ நிறத்தில் ஆனது. 900 இருந்தது 1,250 ஆகியிருக்கிறது, அதே மதிய நேரம். இலைகளையும் ஈரத் துணியால் துடைத்தேன், அதிலும் தூசி.


பல்பு வியாபாரி – ஜூலை 17

இவ்வளவு பாடு எதற்கு? செடி வளர்க்கும் ஊதா விளக்கு ஒன்று வாங்கி மாட்டினால் எந்த ஜன்னலும் வேண்டாம்.


எபேன் எஞ்சினியர் – ஜூலை 17

ஊதா வேண்டாம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் வாங்கும் என்பது உண்மை, ஆனால் வெள்ளை எல்ஈடியில் அந்த இரண்டும் இருக்கிறது. ஹாலில் ஊதா விளக்குப் போட்டால் வீடு வீடாக இருக்காது. அந்த விளக்கில் இலை பழுத்திருக்கிறதா இல்லையா என்றும் தெரியாது.

வெள்ளை எல்ஈடி, 20 வாட், செடிக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில். கூரையில் மாட்டினால் பயனில்லை: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கிட்டத்தட்ட கால் பங்காகிவிடும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம். மாதம் ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். ராத்திரி அணைத்துவிடுங்கள், அதுவும் தூங்கட்டும்.


யாங்கோன் தம்பி – ஜூலை 17

எங்கள் ஊரில் மின்சாரம் வருகிற நேரத்துக்கு நாங்கள் போன் சார்ஜ் போடுவோமா, செடிக்கு வெயில் போடுவோமா? எனக்கு ஜன்னல்தான்.

ஆனால் ஒன்று செய்தேன். பால்கனியின் எதிர்ச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். பாசி பிடித்துக் கறுத்திருந்தது. சுவரை ஒட்டிய தொட்டியில் 2,100 இருந்தது 3,000 தாண்டிவிட்டது. செலவு ஒரு பொட்டலம் சுண்ணாம்பு.


நெறியாளர் – ஜூலை 18

விளக்கு விற்பனை பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். செடியைப் பற்றி மட்டும் பேசுவோம்.


கோவைக்காரி – ஆகஸ்ட் 10

நிலவரம். ஃபிடில் லீஃபில் இலை விழுவது நின்று மூன்று வாரம் ஆகிறது. பால்கனிக் கதவில் வீட்டுக்காரரின் பழைய நாலு முழ வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டிவிட்டேன். வெயில் வேட்டி வழியாக வந்தால் 50,000 குறைந்து 14,000 ஆகிறது, நிழலின் ஓரமும் மங்குகிறது. வேட்டியை எடுத்ததற்கு வீட்டில் ஒரு சண்டை. துவைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், எப்போது என்று சொல்லவில்லை.

தண்ணீர் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் கேட்கிறது. பூச்சி போய்விட்டது.

பீஸ் லில்லியில் இரண்டு தண்டு அழுகிவிட்டது. மீதியைப் பிரித்துப் புது மண்ணில் வைத்தேன். வேர் பழுப்பாக, வழவழவென்று, சாக்கடை வாசம். ஐயா, கறிவேப்பிலையைச் சுரண்டினேன். மேலே காய்ந்த குச்சி, கீழே நாலு விரல் உயரத்தில் பச்சை.

ஒரு கேள்வி: இங்கே புயல் வந்தால் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து ஜன்னலை அடைக்க வேண்டுமாமே. இருட்டில் செத்துவிடாதா?


ரோஸ்ஹில் ஆசிரியர் – ஆகஸ்ட் 10

மூன்றாம் படிப் புயல் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள், இரண்டாம் படியிலேயே தூக்கி உள்ளே வையுங்கள். தொட்டி பறந்து போய் அடுத்த வீட்டுக் காரில் விழும். நாங்கள் குளியலறையில் அடுக்குவோம். இரண்டு மூன்று நாள் இருட்டு ஒன்றும் செய்யாது, அந்த நாட்களில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். வெளியே எடுக்கும்போது உடனே வெயிலில் வைக்காதீர்கள், அந்தப் பாடம்தான் உங்களுக்குத் தெரியுமே.

பச்சை இருக்கிற இடத்துக்கு ஒரு விரல் மேலே வெட்டிவிடுங்கள் அம்மா.


கோவைக்காரி – செப்டம்பர் 14

கறிவேப்பிலையில் மூன்று துளிர்! அரிசி அளவு. மாமியார் இப்போதே ரசத்துக்குக் கேட்கிறார்.

ஃபிடில் லீஃப் நுனியில் உறை பிரிந்து ஒரு இலை வருகிறது. கருகின இலைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, அசிங்கமாக. விடுகிறேன்.


டர்பன்வாசி – செப்டம்பர் 15

ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க வாரம் ஒரு தடவை தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள். இருட்டுப் பக்கத்துத் தண்டு வேகமாக நீள்வதால்தான் செடி வெளிச்சம் பக்கம் வளைகிறது.


கோவைக்காரி – அக்டோபர் 9

தொட்டிகளைத் தெற்கே எப்போது மாற்றுவது என்று ஐயாவைக் கேட்க வந்தேன். அதற்குள் ஒன்று. இன்று காலை காபி போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தால், தெற்கு ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெயில். ஆறு மாதத்துக்குப் பிறகு. ஏழு மணிக்குள் போய்விட்டது. படம் எடுக்கலாம் என்று போனைத் தேடினேன், அது பால்கனியில் லக்ஸ் அளந்துகொண்டிருந்தது.


ரோஸ்ஹில் ஆசிரியர் – அக்டோபர் 9

என் மனைவியைக் கேட்டேன். இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறார். வெயில் டிவி சுவரில் விழட்டும், அப்போது மாற்றுங்கள் என்கிறார்.